காலி நாற்காலியில் வாசித்த புல்லாங்குழல்

கடைசியாக அவளும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, காது மெஷினுக்கு மூடி மாற்றியது. மெஷினில் காதுக்குள் போகும் முனையில் கடுகளவு வெள்ளை மூடி ஒன்று இருக்கும். அழுக்கு உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. மாதம் ஒருமுறை பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வலது காதுக்கு உடனே மாற்றியாகிவிட்டது. இடது காதுக்கான மூடி குச்சியிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது.

இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். மேசைக்கடியில் அப்பாவின் தலையும் அவள் தலையும் ஒருமுறை முட்டிக்கொண்டன. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன, அப்பாவும் பொண்ணுமாச் சேர்ந்து பரம்பரைச் சொத்தையா தொலைச்சிட்டீங்க?"

"மூடி விழுந்துடுச்சும்மா. கடுகு சைஸ்ல இருக்கும்."

"கடுகா? டப்பாவுல நிறைய இருக்கே. அதுல ஒண்ணை எடுத்து அடைச்சு விடு. உங்கப்பாவுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"கேட்டுச்சு" என்றார் மேசைக்கடியிலிருந்து அப்பா. "இன்னும் ஒரு காதுல மாட்டித்தான் இருக்கேன்."

மூடி அப்பாவின் முழங்கையில் ஒட்டியிருந்தது. கண்டுபிடித்தது அம்மா. அந்தப் பெருமையை அன்று சாயங்காலம் வரை அவள் விடவில்லை. அப்பா மெஷினை மாட்டிக்கொண்டு மேசையை விரலால் தட்டிப் பார்த்தார். "ரைட்டு" என்றார்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்தொன்று. இதயம் என்றார் டாக்டர். மெஷின் இரண்டும் தலைமாட்டில் அவற்றின் பெட்டிக்குள் இருந்தன. தூங்கும்போது கழற்றி வைத்துவிடுவார்.

அப்பா பாட்டில் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தார். சோடாவும் பழரசமும் நிரப்பும் தொழிற்சாலை. கழுவும் இயந்திரத்திலிருந்து நிரப்பும் இயந்திரத்துக்கும், அங்கிருந்து மூடி போடும் இயந்திரத்துக்கும் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் அவளை அங்கே அழைத்துப் போனார். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கருவி அலமாரியின் மேல் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அதில் ஏதோ பாட்டு ஓடியது. அவளுக்கு அது இருப்பதே தெரியவில்லை.

கம்பெனியில் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மேலாளர் வரும்போது மாட்டுவார், போனதும் எடுத்துவிடுவார். மாட்டினால் பாட்டு கேட்காதே. பாட்டுக்காக அடைப்பானை எடுத்தார், அடைப்பான் இல்லாததால் காது போனது. கம்பெனியில் வேறு யாரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அவருக்கு அங்கே பட்டப்பெயர் 'ரெண்டாம் சரணம்'. அது வந்த கதையை அம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் இருவரும் படம் பார்க்கப் போயிருக்கிறார்கள். முக்கியமான பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் சரணத்தோடு மின்சாரம் போய்விட்டது. தியேட்டர் இருட்டில் எல்லோரும் விசில் அடித்தார்கள். அப்பா உட்கார்ந்தபடியே இரண்டாவது சரணத்தைப் பாடத் தொடங்கினார். மெல்ல இல்லை, நல்ல சத்தமாக. நடுவில் வரும் வயலினையும் வாயாலேயே வாசித்தார்.

"சனமெல்லாம் யாருடா இவன்னு திரும்பிப் பாக்குது" என்பாள் அம்மா. "நான் அந்தப் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுகிட்ட நகர்ந்து உக்காந்துட்டேன். இவர் யாரோ, நான் யாரோ. அந்தப் பொண்ணு வேற, 'பாவம்க்கா, மனசு சரியில்லை போல'ங்கறா. நானும் ஆமாங்கறேன்."

இரண்டு வரிசைக்குப் பின்னால் கம்பெனி ஆட்கள் நால்வர் இருந்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஷிப்டில் பட்டப்பெயர் தயாராக இருந்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "ஊர்ல எல்லாருக்கும் பல்லவி தெரியும். முதல் சரணம் பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டாவதுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்பார்.

படங்களை அவர் பாட்டை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். கதாநாயகன் யாரை மணந்தான், வில்லன் என்ன ஆனான் என்று கேட்டால் தெரியாது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழைந்தது, எத்தனை மாத்திரை நின்றது என்று கேட்டால் சொல்வார். சண்டைக் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய்க் கால் நீட்டிவிட்டு வருவார். படம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும், வாத்தியக்காரர்களின் பெயர் திரையில் வரும் வரை உட்கார்ந்திருப்பார். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வரிசை முனையில் காத்து நிற்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு குறை சொல்லத் தொடங்கினார். இப்போதெல்லாம் பாட்டைச் சரியாகப் பதிவு செய்வதில்லை, மேல் சுரமெல்லாம் மழுங்கிப்போய் வருகிறது என்றார். பிறகு ஸ்பீக்கர் சரியில்லை என்றார். இரண்டு முறை ஸ்பீக்கரை மாற்றினார்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் அம்மா. "காதைக் காட்டுங்க முதல்ல."

மகள் வேலை பார்ப்பது கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில். தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் வரும். பிழையில்லை என்று உறுதியான ஒரு கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகு என்று எழுதி, முத்திரை ஒட்டி அனுப்புவார்கள். அவள் மடிக்கணினியையும் தலையில் மாட்டும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்து பத்து நிமிடம் சோதித்தாள். தாழ்ந்த ஒலிகள் எல்லாம் கேட்டன. மூவாயிரம் ஹெர்ட்சுக்கு மேல் வரைபடத்தின் கோடு மலைமுகட்டிலிருந்து விழுவது போல விழுந்தது.

காது மையத்தில் மெஷின் வாங்கினார்கள். வாங்கும்போதே அப்பா சொன்னார்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா. பாட்டு பழையபடி கேக்கணும். பேச்சு கேக்கலைன்னாலும் பரவாயில்லை. உங்கம்மா பேசறது மெஷின் இல்லாமலே கேக்குது."

மெஷினைச் செல்பேசியிலிருந்தே சற்றுத் திருத்திக்கொள்ளலாம். தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி என்று மூன்று கோடுகள், விரலால் ஏற்றி இறக்க வேண்டியதுதான். ஞாயிறுதோறும் அவள் வந்தாள். அப்பா தனக்கு உயிரான பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அவள் கோட்டை ஏற்றி இறக்கி ஒவ்வொரு பாட்டாகப் போட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டு மதிப்பெண் கொடுத்தார். அவள் அட்டவணையில் குறித்தாள். முதல் மாதம் ஏழு, எட்டு. நான்காவது மாதம் எல்லாப் பாட்டுக்கும் ஒன்பது. ஒரு மதிப்பெண்ணை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். "முழுசாக் கொடுத்தா மெஷினுக்குத் தலைக்கனம் வந்துடும்" என்றார்.

அந்தச் சமயத்தில் நகர அரங்கில் ஒரு கச்சேரி வந்தது. முப்பது பேர் கொண்ட குழு பழைய திரைப்பாடல்களை மேடையில் வாசிக்கும். அப்பாவின் பன்னிரண்டில் மூன்று பாட்டுகள் பட்டியலில் இருந்தன. "மெஷினுக்கு இதுதான் முழுப் பரீட்சை" என்று சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். அவளும் போனாள். கண்டக்டரும் வந்தார்.

கண்டக்டர் அடுத்த தெருக்காரர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். சினிமாவோ கச்சேரியோ, அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஒரு பாட்டைக் கேட்டால் அது எந்த வருடம் வந்தது, யாரோடு போனோம், இடைவேளையில் என்ன தின்றோம் என்று எல்லாம் சொல்வார். பாட்டை மட்டும் சொல்ல வராது.

தொடங்குவதற்கு முன் தொகுப்பாளர் ஏதோ அறிவித்தார். கூட்டம் "அடடா" என்றது. அரங்கின் எதிரொலியில் அப்பாவுக்குப் புரியவில்லை.

"என்னவாம்?"

"யாரோ வரலையாம்யா. வண்டி கிடைக்கலையாம்" என்றார் கண்டக்டர்.

நான்காவதாக அப்பாவின் பாட்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் எட்டு மாத்திரை தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் அப்பாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, விரல்கள் காற்றில் ஓடின. பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். கண் ஈரமாக இருந்தது.

"கேட்டியாம்மா? அந்த எட்டு மாத்திரை? என்னமா ஊதினான் மனுஷன்! ரிக்கார்டுல இருக்கறதை விடவே நல்லா இருந்துச்சு."

"யாருய்யா ஊதினான்?" என்றார் கண்டக்டர்.

"புல்லாங்குழல்யா."

"அந்த ஆளுதானே வரலைன்னாங்க? அதோ பாரு, மூணாவது வரிசையில நாற்காலி காலியாக் கிடக்கு. மேல ஒரு துண்டு கூடப் போட்டு வெச்சிருக்காங்க."

அப்பா பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்த எட்டு மாத்திரையும் மேடையில் தாள வாத்தியம் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தான் எதையோ தவறவிட்டோம் என்று அவள்தான் அப்போது நினைத்திருந்தாள்.

கண்டக்டர் கேலி செய்யத்தான் வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதிக் கச்சேரி முழுக்க அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் கை அசைகிறது, எது கேட்கிறது என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இத்தனை நாளா நான் எதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"ஞாபகத்தைக் கேட்டிருக்கீங்கப்பா."

தவறு அவளுடையது. ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: ஒரு தராசை அதே தராசால் சரிபார்க்கக் கூடாது. அவள் நான்கு மாதம் அதைத்தான் செய்திருந்தாள். அந்தப் பன்னிரண்டு பாட்டையும் கேட்க அப்பாவுக்குக் காதே வேண்டாம். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வெறும் ஆள்காட்டி விரலை ஆட்டியிருந்தாலும் ஒன்பது கொடுத்திருப்பார். அட்டவணையில் இருந்த எண்களில் ஒன்றுகூட மெஷினைப் பற்றியது இல்லை.

அப்பா மெஷினைப் பெட்டிக்குள் வைத்தார். ஒன்பது நாள் எடுக்கவில்லை. பாட்டும் போடவில்லை. ஸ்பீக்கருக்கு மேல் செய்தித்தாளை மடித்து வைக்கத் தொடங்கினார்.

அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். "பாட்டு இல்லாம உங்கப்பா வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்காரு. போட்டதைச் சாப்பிடறாரு, சொன்ன இடத்துல உக்கார்றாரு. எனக்கு இந்த மனுஷனைப் பழக்கமில்லை. ஏதாச்சும் பண்ணு."

அவள் வந்தாள். விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாத பாட்டு வேணும்ப்பா. அப்பத்தான் மெஷின் என்ன செய்யுதுன்னு தெரியும்."

"எனக்குத் தெரியாததுன்னா புதுப் பாட்டுதான்."

"ஆமா."

"அதுக்கு நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"இருபத்தஞ்சு வருஷமா புதுசெல்லாம் இரைச்சல், இரைச்சல்னீங்களே" என்றாள் அம்மா. "உங்க காதுலதான் ஒண்ணும் விழலைன்னு இப்ப ஆயிடுச்சு. அப்புறம் எதை வெச்சு இரைச்சல்னீங்க?"

அப்பா எழுந்து போய் மெஷின் பெட்டியை எடுத்து வந்தார்.

முறை இப்படி: அவள் பத்துப் புதுப் பாட்டு கொண்டுவருவாள். அப்பா ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கேட்பார். கேட்டதும் தாளில் எழுத வேண்டும். என்ன வாத்தியம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எப்படி இருந்தது. பிறகு அவள் தன் காதால் கேட்டு ஒத்துப்பார்ப்பாள். கண்ணை மூடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவரே திறந்து வைத்திருந்தார்.

முதல் ஞாயிறு பத்துக்கு மூன்று தேறியது. பாட்டில் கம்பெனியில் வேலைப் பதிவேடு எழுதிய கை, குறிப்பெல்லாம் சுருக்கமாக இருந்தது. 'நடுவில் வயலின், சரி.' 'எதுவோ ஓடுகிறது, கொசு.' 'ஆரம்பத்தில் ஒருவன் தொண்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊதுகிறான்.' மூன்றாவது ஞாயிறு தாள்களை மேசையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. தொண்டையில் தண்ணீர் வந்த இடங்கள் எல்லாமே புல்லாங்குழல். அதிலும் நீளமாக நிற்கும் சுரங்கள். தொடங்கும்போது சரியாக இருக்கிறது, அரை நொடி கழித்து நடுங்குகிறது, பிறகு அமுங்கிப்போகிறது. காது அப்படித் தப்பு செய்யாது. அது மெஷினின் வேலை.

தாள்களை எடுத்துக்கொண்டு மூவரும் காது மையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். 'கொசு' வந்த இடத்தில் சிரித்தார்.

"இந்த மாதிரி மெஷின்ல சில சமயம் கூய்னு ஒரு சத்தம் வரும் சார். மெஷினோட சத்தமே மறுபடி மெஷினுக்குள்ள போறதால வர்றது. அது வந்தா அமுக்கிடணும்னு மெஷினுக்குச் சொல்லி வெச்சிருப்பாங்க. புல்லாங்குழல் ஒரே சுரத்துல நின்னா, இது தன்னோட கூய்னு நினைச்சுக்குது."

"அதாவது" என்றார் அப்பா, "வாசிக்கறவனையே திருடன்னு பிடிச்சு உள்ள போடுது."

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

"இவரும் அப்படித்தான்மா" என்றாள் அம்மா. "நான் பாத்திரம் கழுவும்போது லேசாப் பாடினா, குக்கர் சத்தம் வருது, அடுப்பை அணைம்பாரு."

அந்தப் பெண் பேச்சுக்கு ஒரு அமைப்பு, பாட்டுக்கு ஒரு அமைப்பு என்று தனித்தனியாகச் செய்து கொடுத்தார். பாட்டு அமைப்பில் அந்த அமுக்கும் வேலையை நிறுத்திவிட்டார். மெஷின் முதுகில் சின்னப் பொத்தான், அழுத்தினால் மாறும். அவள் செல்பேசியில் அப்பா கேட்டிராத ஒரு புல்லாங்குழல் பதிவைப் போட்டாள். சன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. அப்பா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சுரம் நீண்டது. அப்பா ஒரு விரலை உயர்த்தி வைத்துக்கொண்டார், சுரம் முடியும் வரை இறக்கவில்லை.

"நிக்குது" என்றார்.

பொத்தானை அழுத்திப் பேச்சுக்கு மாற்றினார், சுரம் நடுங்கியது. பாட்டுக்கு மாற்றினார், நின்றது. ஏழெட்டு முறை மாற்றி மாற்றி அழுத்தினார். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பதாக அந்தப் பெண் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் திரும்பி வரவில்லை. ஆறாயிரத்துக்கு மேல் எந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே நரம்பே இல்லை. சின்ன மணியின் கூர்மையும் தாளத் தட்டின் கடைசிச் சிலிர்ப்பும் போனது போனதுதான். அதை அவள் கோடு போட்டுக் காட்டிச் சொன்னாள். அப்பா கோட்டைப் பார்த்தார்.

"அது கம்பெனிக்குக் கொடுத்தது" என்றார். "சும்மாவா கொடுத்தேன்? உன்னைப் படிக்க வெச்சாச்சு. இந்தக் கோடெல்லாம் போடத் தெரியுதில்ல உனக்கு."

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். இப்போது நினைத்தால் அவளுக்கு அதுதான் நிம்மதி. சோதனை முடிந்த பிறகும் அவர் தாள் எழுதுவதை நிறுத்தவில்லை. ஞாயிறு பத்துப் பாட்டு போதவில்லை, நடு வாரத்திலும் கூப்பிட்டுக் கேட்டார். புதுப் பாட்டுகளைத் திட்டினார், ஆனால் இம்முறை காரணத்தோடு திட்டினார். 'தாளம் நன்று, வரி குப்பை.' 'பாடுகிறவனுக்கு மூச்சு போதவில்லை, யாராவது தண்ணீர் கொடுங்கள்.' நூற்று நாற்பது தாளுக்கு மேல் சேர்ந்தது.

கண்டக்டரை இழுத்துக்கொண்டு புதுப் படங்களுக்கும் போனார். தியேட்டரில் நரைத்த தலை அவர்கள் இருவருடையதுதான்.

"கதை கந்தல்" என்று வந்து சொல்வார். "மூணாவது பாட்டு தங்கம்."

"இவருக்கு என்னம்மா, தங்கம்" என்று கண்டக்டர் அவளிடம் முறையிடுவார். "சண்டை வந்தா எழுந்து போயிடறாரு. முழுப் படத்தையும் உக்காந்து பாத்து, அப்புறம் இவருக்குக் கதை சொல்றது நான். ரெண்டு டிக்கெட்டும் நானே பாத்த மாதிரி இருக்கு."

பழைய பன்னிரண்டையும் ஒருநாள் புது அமைப்பில் போட்டுக் கேட்டார். அவள் பக்கத்தில் இருந்தாள். ஆறாவது பாட்டில் திடீரென்று நிறுத்தச் சொன்னார். பின்னால் போய் மறுபடி போடச் சொன்னார்.

"ரெண்டாவது சரணத்துல வயலின்ல ஒருத்தன் தப்பா வாசிக்கறான்மா."

அவள் கேட்டாள். உண்மைதான். ஒரே ஒரு வயலின் மற்றவற்றுக்குச் சற்று முந்திவிடுகிறது.

"நாப்பது வருஷமாக் கேக்கறேன். இவன் தப்பு பண்ணதே தெரியலை. ஞாபகம் திருத்தித் திருத்திக் கொடுத்திருக்கு பாரு." அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார். தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். யாருக்கும் அதில் என்ன வேடிக்கை என்று விளங்கவில்லை. அந்த வயலின்காரர்மேல் அவருக்குக் கோபமில்லை, புதிதாக ஒரு சொந்தக்காரர் கிடைத்தது போலத்தான் பேசினார். "பாவம், அன்னைக்கு அவனுக்கு வீட்டுல என்ன அவசரமோ."

இறந்து பத்து நாள் கழித்து அவள் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். எதைக் கொடுப்பது, எதை வைப்பது என்று முடிவாகவில்லை. எல்லாவற்றையும் மடித்தார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டையின் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. ஏதோ கடைத் திறப்பு விழா நோட்டீஸ், அதன் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து.

"இது திங்கட்கிழமை போட்டிருந்த சட்டை" என்றாள் அம்மா. "முடி வெட்டிக்கப் போனாரே, அன்னைக்கு."

சலூனில் ஏதோ பாட்டு ஓடியிருக்கிறது. பாதி முடி வெட்டிய நிலையில் அப்பா துணியைப் போர்த்தியபடியே எழுந்து போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சலூன்காரர் கத்தரியோடு பின்னாலேயே போயிருக்கிறார். என்ன படம், யார் பாடியது என்று அவருக்கும் தெரியவில்லை. தன் தம்பி மகள் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்த பாட்டு, அவள் புதன்கிழமை ஊரிலிருந்து வருவாள், வியாழக்கிழமை வாங்க, கேட்டு வைக்கிறேன் என்றாராம்.

"ராத்திரி சாப்பிடும்போது இதே பேச்சு" என்றாள் அம்மா. "வியாழக்கிழமை காலையிலேயே போகணும்னாரு. கடை திறக்கறதே ஒன்பதுக்குத்தானேன்னேன். எட்டரைக்கே போய் நிக்கறேன், கூட்டம் சேர்ந்துட்டா கேக்க முடியாதுன்னாரு. முடி வெட்டிக்காத ஆளு எதுக்குக் கடை வாசல்ல நிப்பாங்கன்னு கேட்டேன். தட்டை நீட்டி ரசம் கேட்டாரு."

அவள் காகிதத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தாள். வழக்கமான தாள் போலவே வரிசையாக இருந்தது.

'பெண் குரல். தாளம் மெதுவாக. முதல் சரணம் முடிந்ததும் ஒரு வாத்தியம் தனியாக வருகிறது, பன்னிரண்டு மாத்திரை. கம்பியா குழலா சொல்ல முடியவில்லை. இதுவரை கேட்டதில்லை. மிக நன்று.'

கீழே ஒரு வரி இடம் விட்டு:

'பாட்டின் பெயர் — வியாழன், சலூனில் கேட்க.'